அருபாவா, பார்படாஸா? முதலில் காற்றைப் பாருங்கள்

கரீபியன் தீவுகளின் விளம்பரப் படங்களை வரிசையாக வைத்தால் எது எந்தத் தீவு என்று சொல்வது கஷ்டம். எல்லாவற்றிலும் அதே வெள்ளை மணல், அதே பச்சை கலந்த நீலம், சாய்ந்த ஒரு மரம். அதனால் நான் படத்தை நம்புவதில்லை, காற்றைப் பார்ப்பேன். அங்கே ஆண்டின் பெரும்பகுதி அடிப்பது கொண்டல், அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று. கிழக்குக் கரையில் அலை சீறும். மேற்குக் கரை குளம் போலக் கிடக்கும். 'கடலோர அறை' என்று போட்டிருக்கிறதே என்று கிழக்குப் பக்கம் எடுத்துவிட்டால், குழந்தைகள் வாரம் முழுக்கக் கடலைப் பார்க்கத்தான் முடியும், இறங்க முடியாது.

அடுத்தது மாதம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அதிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் உக்கிரம். டிக்கெட்டும் அப்போதுதான் மலிவு, காரணம் புரிந்திருக்கும். அருபா வெனிசுவேலா கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருப்பதால் புயல்கள் பெரும்பாலும் அதற்கு வடக்கே போய்விடும். பார்படாஸுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 2024 ஜூன் 29 அன்று கென்சிங்டன் ஓவலில் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்றது நினைவிருக்கும். அடுத்த சில நாட்கள் அணி அங்கேயே மாட்டிக்கொண்டது. பெரில் புயலால் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அவர்களுக்குத் தனி விமானம் வந்தது. நமக்கு யார் அனுப்புவார்கள்?

ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் அருபா. யோசிக்கவே வேண்டாம். ஆனால் தென்னந்தோப்பையும் அருவியையும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வறண்ட தீவு அது. கடற்கரையை விட்டு உள்ளே போனால் கள்ளிச் செடியும் பாறையும்தான். ஈகிள் பீச்சில் எல்லாரும் படம் எடுக்கும் அந்தச் சாய்ந்த மரம், ஓயாத காற்றில் தென்மேற்காகவே வளைந்து வளர்ந்தது. (அதை டிவிடிவி என்பார்கள், உண்மையில் அது ஃபோஃபோட்டி, வேறு மரம்.) இந்தக் காற்றில் வெயில் உறைக்காது, சாயங்காலம் தோல் சிவந்த பிறகுதான் தெரியும். மற்றபடி வசதிக்குக் குறைவில்லை. கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். டாலர் எங்கும் செல்லும். பாம் பீச் பக்கம் அடுக்குமாடி விடுதிகளும் அமெரிக்கக் கூட்டமும். நிம்மதியாகக் கிடக்க வேண்டும் என்றால் ஈகிள் பீச். நான்கு நாள் போதும் என்பது என் கணக்கு.

டிசம்பரிலிருந்து மே வரை என்றால் என் ஓட்டு பார்படாஸுக்கு. கடற்கரை மட்டும் இல்லை, ஊரும் இருக்கிறது என்பதுதான் காரணம். கடற்கரைகள் எல்லாமே பொதுச் சொத்து. பெரிய விடுதியின் முன்னாலும் துண்டை விரித்துப் படுக்கலாம். தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடாவில் ஆழம் குறைந்த இடத்திலேயே மூழ்கிய கப்பல்களும் ஆமைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸில் மீன் சுட்டுத் தருவார்கள், பாட்டும் கூட்டமுமாக இருக்கும். கிழக்கே பாத்ஷீபாவுக்கு ஒரு நாள் போய் அலையைப் பார்த்துவிட்டு வாருங்கள், குளிக்க வேண்டாம். பேருந்து இருக்கிறது, கார் எடுத்தாலும் நம் ஊர் போல இடது பக்கம்தான்.

குறை இல்லாமல் இல்லை. குளிர்காலத்தில் மேற்குக் கரை அறை வாடகை மூச்சு முட்ட வைக்கும். 2011 முதல் பல ஆண்டுகளில் சர்காசம் பாசி குவியல் குவியலாகக் கரை ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம். இதிலும் அடி வாங்குவது கிழக்கு, தெற்குக் கரைகள். அப்புறம், தண்டில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தைக் கண்டால் விலகிப் போங்கள். மஞ்சினீல் என்ற நச்சு மரம் அது. மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலில் கொப்புளம் போட்டுவிடும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பார்படாஸில் விசா தேவையில்லை, அருபாவுக்கு வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பொதுவாக விலக்கு உண்டு; டிக்கெட் போடும் முன் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அருபாவிலிருந்து அமெரிக்கா திரும்புகிறவர்களுக்குக் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும், அதனால் விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும்.

கடலைவிட மலையும் காடும் பிடிக்கும் என்றால் அதே கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப். 1,467 மீட்டர் எரிமலை, கறுப்பு மணல் கரைகள். 1854 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்கள் கணிசம். காப்பெஸ்தெர் ஊரில் அவர்கள் வழிவந்தவர்களின் கோவில் இன்றும் இருக்கிறது. அங்கே மசாலாக் குழம்புக்குப் பெயர் 'கொலம்போ'. பிரான்ஸின் பகுதிதானே என்று ஷெங்கன் விசாவோடு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அந்த விசா அங்கே தானாகச் செல்லாது.