பிராலின்: பூக்கவைக்கும் பாகும் பூக்காத பாகும்

பிரான்ஸ், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம், பெல்ஜியம் ஆகிய மூன்று இடங்களிலும் பிராலின் என்ற பெயரில் ஒரு மிட்டாய் உண்டு. பருப்பும் இனிப்பும் சேர்ந்தது என்று கேட்டதுமே அதைக் கடலைமிட்டாயின் உறவாக எண்ணத் தோன்றும். ஆனால் பாகு வேறு. கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு, உறைந்த துண்டைத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்கும் பதம் வரை காய்ச்சுகிறோம்; அது கண்ணாடி போல் இறுகும். குலாப்ஜாமூனுக்கோ, பாகு பூத்துவிடக் கூடாதென்று, அதாவது சர்க்கரை மீண்டும் மணிமணியாகத் திரண்டுவிடக் கூடாதென்று, எலுமிச்சை பிழிகிறோம். பிரான்சின் பிராலினுக்கும் நியூ ஆர்லியன்ஸ் பிராலினுக்கும் அந்தப் பூத்தல்தான் வேண்டும்.

பிரெஞ்சு வகை முழு பாதாமைக் கொண்டது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படைத்தளபதி மார்ஷல் ப்ளெஸ்ஸி-பிராலினின் சமையல்காரர் கண்டுபிடித்தார் என்பது வழிவழியாக வரும் கதை. பிரான்சின் மோன்தார்ஜி நகரம் இன்றும் அதைச் சொந்தம் கொண்டாடுகிறது. சர்க்கரையையும் தண்ணீரையும் பாதாமுடன் கொதிக்கவிட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால், பாகு திடீரென வெண்மணலாக உதிர்ந்து பருப்பில் ஒட்டும். முதல்முறை செய்பவர் 'கெட்டுவிட்டது' என்று அடுப்பை அணைக்கும் இடம் அதுதான். அணைக்காமல் கிளறினால் மணலின் ஒரு பகுதி உருகி, பழுப்பேறி, மேடுபள்ளமான ஓடாகப் படிகிறது; கடித்தால் நொறுங்கும்.

கடல் கடந்து, நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூயிசியானாவுக்குச் சென்ற பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாதாம் எளிதில் கிடைக்கவில்லை; அந்த மண்ணின் பெக்கான் பருப்பு கிடைத்தது. பழுப்புச் சர்க்கரை, வெண்ணெய், பால் அல்லது கிரீம் சேர்ந்ததும் பண்டத்தின் குணமே மாறிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸின் பழைய பகுதியான பிரெஞ்சுக் குவார்ட்டரின் வீதிகளில் இதைக் கூடையில் ஏந்தி விற்ற கறுப்பினப் பெண்களுக்குப் 'பிராலினியேர்' என்றே பெயர். இந்த மிட்டாயின் புகழில் பெரும்பங்கு, என் கணிப்பில், அவர்களுடையது. கலவை சுமார் 115 டிகிரி செல்சியஸைத் தொடும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் விரலால் மென்மையாக உருட்ட வரும். உடனே இறக்கி, மரக்கரண்டியால் அடித்துக் கிளற வேண்டும். பளபளப்பு மங்கி, கரண்டி கனக்கத் தொடங்கும் அந்த நொடியில் பட்டர் பேப்பரில் வட்டம் வட்டமாக விட்டுவிட வேண்டும். முந்தினால் பிசுபிசுக்கும், பிந்தினால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும், அப்போது ஒரு கரண்டி வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். சரியாக வந்தது கடிபடாமல் நாக்கில் பொடிந்து கரையும். நமது பால்கோவாவின் மணல்மணலான பதத்தை ஓரளவு நினைவூட்டும்.

பெல்ஜிய பிராலினை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பதே சற்று அநியாயம். 1912-இல் பிரஸ்ஸல்ஸில் ஜான் நியூஹாஸ் உருவாக்கியது, உள்ளீடு நிரப்பிய சாக்லேட் கூடு. அதில் பருப்பு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பழுப்பேற்றிய சர்க்கரையுடன் ஹேசல்நட் பருப்பை எண்ணெய் விடும் வரை அரைத்த விழுது உள்ளே இருந்தால் மட்டுமே பழைய உறவு தெரிகிறது.

சுவைக்கு நான் நியூ ஆர்லியன்ஸ் பக்கம். வீட்டில் செய்து பார்க்க பிரெஞ்சு வகையையே சொல்வேன். மணலானதும் பதறாமல் கிளறத் தெரிந்தால் அது கைவிடாது. பாலும் வெண்ணெயும் சேர்ந்ததோ காற்றின் ஈரத்தைக்கூடப் பார்க்கும். ஐப்பசி மழை நாளில் அதற்கு அடுப்பேற்றாமல் இருப்பதே நல்லது.