பில்டோசர்: மூன்று வருடமாக என் லேப்டாப்பில்

குலசேகரத்தில் அப்பாவுக்கு 300 மூடு ரப்பர் மரம் இருக்கிறது. தினமும் எத்தனை ஷீட் அடித்தோம், ஒட்டுப்பால் எத்தனை கிலோ, பால் வெட்டுகிறவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நோட்டில் எழுதி வந்தார். ஒரு மழையில் நோட்டு நனைந்து மை கரைந்துபோனது. அன்றுதான் ஆப் செய்து தருகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த புரோகிராமிங் மொழி பைத்தான் மட்டும். பைத்தானிலேயே ஆப் திரை செய்ய உதவும் கிவியில் திரையை எழுதி, அதை ஆண்ட்ராய்டு ஆப்பாக மாற்றித் தரும் பில்டோசரில் ஏபிகே, அதாவது ஃபோனில் நிறுவும் ஃபைல், ஆக்கினேன்.

நாம் எழுதும் பைத்தான் கோடு ஃபோனில் அப்படியே ஓடாது. பைத்தானையே ஃபோனின் பிராசஸருக்கு ஏற்றபடி கம்பைல் செய்து, ஜாவாவோடு கோர்த்துத் தர வேண்டும். இதற்கான எஸ்டிகே, என்டிகே என்ற ஆண்ட்ராய்டு கருவித் தொகுப்புகள் எல்லாவற்றையும் பில்டோசரே இறக்கிக்கொள்கிறது. நாம் நிரப்புவது, ஆப்பின் விவரங்களைச் சொல்லும் ஒரே ஒரு ஸ்பெக் ஃபைல். இலவசம் வேறு. ஆனால் முதல் பில்டுக்கு இறங்குவது ஜிபி கணக்கில் போகும், மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள். நாகர்கோவிலில் அக்கா வீட்டு வைஃபையில் சாயங்காலம் தொடங்கினேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஏபிகே கைக்கு வந்தது. அடுத்த தடவையிலிருந்து சில நிமிடம்தான். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொள்ள வேண்டும்.

பைத்தான் கோடை சி மொழிக்கு மாற்றும் சைதன் என்ற கருவியும் இதற்கு வேண்டும். 2023 ஜூலையில் சைதன் 3 வந்தது. வழக்கம்போல எல்லாவற்றையும் அப்கிரேடு செய்தேன். அடுத்த பில்டு, பைத்தானிலிருந்து ஜாவாவை அழைக்க உதவும் பைஜேனியஸில் வந்து நின்றது, 'லாங்' என்ற பெயரே தெரியாது என்று. பைத்தான் 2 காலத்துச் சொல் அது. சைதன் 0.29.33-க்குத் திரும்பியதும் சரியானது. இப்போது ஜேடிகே 17 (ஜாவா கருவித் தொகுப்பு) தொடங்கி என்டிகே வரை ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணையும் எழுதி, ஸ்பெக் ஃபைலோடு, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் வைத்திருக்கிறேன்.

இதைவிட மோசம், லேப்டாப் மாற்றிய நாள். புது லேப்டாப்பில் கட்டிய ஏபிகேயை அப்பாவின் ஃபோன் ஏற்கவில்லை. சோதனைக்காகக் கட்டும் ஆப்பில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டீபக் சாவி ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனியாக உருவாகும். கையெழுத்து மாறினால் பழைய ஆப்புக்கு மேல் புதியதை ஆண்ட்ராய்டு விடாது. பழையதை அழித்தால் உள்ளே இருக்கும் எட்டு மாதக் கணக்கும் போய்விடும்.

"மக்ளே, கணக்கு போயிராதுல்லா?" என்று அப்பா கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. நல்லவேளை, பழைய ஹார்டு டிஸ்கில் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் அந்தச் சாவி இருக்கும் டீபக் கீஸ்டோர் ஃபைல் இருந்தது. அதை எடுத்து வைத்துக் கட்டினேன், கணக்கு தப்பியது. இதைப் படிக்கிறவர்கள் அந்தச் சின்ன ஃபைலை இன்றைக்கே பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

தமிழில் ஆப் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. கிவியோடு வரும் ராபோட்டோ ஃபாண்டில் தமிழ் கிடையாது, கட்டம் கட்டமாகத்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபாண்டைச் சேர்த்தேன். எழுத்து வந்தது, ஆனால் 'விலை'யின் கொம்பு ல-வுக்குப் பின்னால் போய் நின்றது, 'தேதி'யும் அப்படியே. கடைசியில் பைஜேனியஸ் வழியே ஆண்ட்ராய்டையே எழுதச் சொல்லி, அதைப் படமாக வாங்கி ஒட்டினேன்.

பைத்தான் மட்டும் தெரிந்தவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஐஃபோனுக்கும் வேண்டுமென்றால் மேக் இல்லாமல் நடக்காது. பக்கத்து விளை மாமாவின் ஃபோன் பழைய 32 பிட். அதற்கும் சேர்த்துக் கட்டுவதால் ஒவ்வொரு பில்டும் கூடுதல் நேரம் இழுக்கிறது. இழுக்கட்டும், மாமாவும் இப்போது தினமும் கணக்கு எழுதுகிறார்.