நஷ்டஈடு வாங்கித் தர்றேன்னு 18,500 போச்சு, கிருஷ்ணகிரி ஆளுங்க உஷார்

இடது கையில டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. இப்பதான் லேபர் ஆபீஸ்ல இருந்து வந்தேன், ஆத்திரம் அடங்கல.

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலீஷ் யூனிட்ல வேலை பாத்தேன். ஸ்லாப்ப ஸ்டாண்டுல சாய்க்கறப்ப நழுவி வலது கை ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு போயிடுச்சு. இஎஸ்ஐ பிடித்தமும் கிடையாது. ஆஸ்பத்திரி பில்ல மட்டும் கட்டிட்டு மூணாவது மாசம் வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க.

தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாரேன்னு ரவுண்டானா பக்கம் மாடியில இருக்கற ஒரு கன்சல்டன்சிக்கு போனேன். வக்கீல்னு போர்டு கூட இல்ல, அப்பவே யோசிச்சிருக்கணும். அங்க இருந்த ஆளு கட்டு போட்ட கைய பாத்துட்டு "தம்பி, ரெண்டு கணுன்னா சம்பாதிக்கற திறன்ல 11 சதவீதம் இழப்பு, சட்டத்துலயே அட்டவணை இருக்கு, வயசு சம்பளம் வச்சு கணக்கு போட்டு வாங்கிடலாம்"னான். கடுப்பு என்னன்னா அந்த 11 உண்மைதான். டீ வந்துச்சு, டம்ளர அவனே என் இடது கை பக்கமா நகத்தி வச்சான், நான் அதுலயே விழுந்துட்டேன். 18,500 ரொக்கமா எண்ணிக் குடுத்தேன், வீட்டுக்காரி காதுத் தோட்ட அடகு வச்ச காசு.

அப்புறம் ஒரு வருஷமா நோட்டீஸ் போயிருக்கு, ஆபீசர் மாறிட்டாரு, எலக்சன் டைம், மாம்பழ சீசன் முடியட்டும்னு கதை (எனக்கும் மாம்பழத்துக்கும் என்னய்யா சம்பந்தம்). ஒரு நாள் போன எடுத்த பொண்ணு "நீங்க எந்த விரல் சார்?"ங்குது. அப்ப எத்தன பேருன்னு பாத்துக்கங்க.

இன்னிக்கு நேர்ல போய் கேட்டா என் பேர்ல மனுவே இல்ல, அவன் குடுத்த நம்பர் வேற யாரோடதோ. விபத்து நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், எனக்கு மிச்சம் 19 நாள். போன் பண்ணா "அது சர்வீஸ் சார்ஜ் தம்பி, திரும்பாது"ங்கறான். 18,500!

என்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. புரோக்கர்ட்ட போகாதீங்க. கோர்ட்டுல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, ஃபேக்டரி தொழிலாளிக்கு காசே இல்லாம வக்கீல் தருவாங்க, 15100க்கு போன் போட்டாலும் சொல்வாங்க. ஓனர் "எல்லாம் செட்டில்"னு எழுதி நீட்டுனா கையெழுத்து போடாதீங்க. ஒரிஜினல் எதையும் குடுக்காதீங்க, என் டிஸ்சார்ஜ் சம்மரி இன்னும் அவன் டிராயர்லதான் கிடக்கு.