எலிக்காய்ச்சல் ரேபிட் கார்டு: காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாவது நாள்?

காய்ச்சல் நோயாளிகளின் இரத்த மாதிரிகளை அன்றாடம் கையாளும் ஆய்வக நுட்பநர் என்ற முறையில், எலிக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் (தொற்றுக்கு எதிராக உடல் முதலில் உருவாக்கும் எதிர்ப்புரதம்) ரேபிட் கார்டைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். விரல் நீளமே உள்ள இந்த அட்டை நல்ல பொருள்தான். ஆனால் அது எதைச் சோதிக்கிறது என்று தெரியாமலேயே, 'நெகட்டிவ்' என்ற சொல்லை நம்பி வீடு திரும்புகிறவர்கள் மிகுதியாக இருப்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பயன்படுத்துவது எளிது. நான் கையாளும் அட்டையில், பிரித்தெடுத்த சீரத்தில் 5 மைக்ரோலிட்டரைச் சிறிய குழியில் விட்டு, அதன்மேல் பஃபர் கரைசலை மூன்று சொட்டு விட வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் வெள்ளைப் பட்டையில் மெல்லப் பரவி, 'சி' என்ற இடத்தில் ஒரு கோடாகத் தெளியும். அந்தக் கோடு விழாத அட்டை செல்லாது. எலிக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் இரத்தத்தில் இருந்தால் 'டி' என்ற இடத்திலும் கோடு விழும். 15 நிமிடத்தில் வாசித்துவிட வேண்டும். நெடுநேரம் கிடந்து உலர்ந்த அட்டையில் பொய்க்கோடு தெரியக்கூடும். இயந்திரமோ மின்சாரமோ இல்லாமல் முடிவு கைக்கு வந்துவிடுவது இதன் பெரிய பலம். மங்கலான கோடுதான் தொல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரிகிற கோட்டை ஒருவர் 'இருக்கிறது' என்பார், பக்கத்தில் நிற்பவர் 'இல்லை' என்பார்.

இதன் குறையை விளங்கிக்கொள்ள நோயின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலி, மாடு, பன்றி, நாய் முதலிய விலங்குகளின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீரோடு வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாட்கள் உயிரோடு இருக்கிறது. காலில் உள்ள சிராய்ப்பு வழியாகவோ கண், மூக்கு, வாயின் மென்சவ்வு வழியாகவோ மனித உடலுக்குள் நுழைந்து, பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சலாக வெளிப்படுகிறது. முனை வளைந்து கேள்விக்குறிபோலத் தோன்றியதால்தான் 1907இல் இக்கிருமிக்கு 'இன்டெரோகன்ஸ்' என்று பெயரிட்டார்கள். காய்ச்சலின் முதல் வாரத்தில் அது எங்களுக்கும் கேள்விக்குறியாகவே நிற்கிறது. அந்த வாரத்தில் இரத்தத்தில் ஓடுவது கிருமி. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதம் கண்டறியும் அளவுக்குச் சேர்வதற்கு, காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ 5 முதல் 7 நாட்களாகும். அட்டை தேடுவது எதிர்ப்புரதத்தை மட்டுமே. ஆகவே மூன்றாம் நாளில் வரும் நெகட்டிவ், நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்த நாட்களில் கிருமியின் மரபணுவை நேரடியாகத் தேடும் பிசிஆர் சோதனையே பொருத்தமானது.

சாக்கடை அடைப்பு எடுக்கும் தொழிலாளி ஒருவர், காய்ச்சலின் மூன்றாம் நாளில் வேறோர் ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்து, நெகட்டிவ் என்று எழுதிய தாளோடு வீட்டிலேயே இருந்துவிட்டார். கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலியில் துடித்ததையும், சீழில்லாமல் கண்கள் சிவந்திருந்ததையும் யாரும் பொருட்படுத்தவில்லை. எட்டாம் நாளில் கண்கள் மஞ்சளித்து, சிறுநீர் குறைந்த நிலையில் அவருடைய இரத்தம் என்னிடம் வந்தபோது, ஐந்து நிமிடத்துக்குள் 'டி' கோடு அழுத்தமாக விழுந்தது. டயாலிசிஸ் செய்து பிழைத்தார். அட்டை இரண்டு முறையும் தன் வேலையைச் சரியாகவே செய்தது. முதல் தாளில் அது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று எழுதாமல் விட்டதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பாசிட்டிவ் முடிவையும் நிதானித்தே வாசிக்க வேண்டும். ஐஜிஎம் சிலருக்கு மாதக்கணக்கில் இரத்தத்தில் நீடிப்பதால், கோடு பழைய தொற்றைக் காட்டுவதாகவும் இருக்கலாம்; வேறு சில காய்ச்சல்களிலும் மங்கலான கோடு விழுவதுண்டு. உறுதிப்படுத்த வேண்டுமென்றால், ஏறத்தாழ இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளில் எதிர்ப்புரத அளவு நான்கு மடங்கு உயர்கிறதா என்று மேட் எனப்படும் நுண்திரட்சிச் சோதனையில் பார்க்க வேண்டும். உயிருள்ள லெப்டோஸ்பைராக்களை வளர்த்துப் பராமரிக்க வேண்டியிருப்பதால், அந்த வசதி மிகச் சில ஆய்வகங்களில்தான் உண்டு. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. அறிகுறிகளும் தேங்கிய நீரில் இறங்கிய விவரமும் பொருந்தினால், முடிவுக்குக் காத்திராமலேயே மருத்துவர்கள் டாக்சிசைக்ளின் தொடங்குவதும், நோய் முற்றியவர்களுக்குப் பெனிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ ஊசியாகச் செலுத்துவதும் வழக்கம். ஆண்டுதோறும் உலகில் சுமார் 10 லட்சம் பேரைத் தாக்கி, 60,000 பேர்வரை கொல்லும் நோய் என்று 2015இல் மதிப்பிடப்பட்டது இதுவே.

காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் ஆனவர்களுக்கு இந்த அட்டையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு முன் வருகிறவர்களிடம், நெகட்டிவ் என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுக்கச் சொல்லியே அனுப்புகிறேன். துல்லிய விழுக்காட்டை உறையின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, நாள் கணக்கு பற்றிய எச்சரிக்கையைத் தகவல் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் வழக்கம் மாற வேண்டும். நோயாளியின் பெயர் எழுத இடம் விட்டிருக்கும் அட்டையில், அதன் கீழேயே காய்ச்சலின் நாளைக் குறிக்கவும் ஒரு சிறு கட்டம் அச்சிடலாம். அதுவரை நான் அதைப் பேனாவால் வரைந்துகொள்கிறேன்.