கண் சிமிட்டலுக்கு மாத்திரைதான் காரணமா? எங்கள் நான்கு வருட அனுபவம்

என் மகனுக்கு ஏழு வயதில் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) என்று உறுதி செய்தார்கள். இப்போது 11 வயது. நடுவில் சில மாதங்கள் தவிர இத்தனை வருடமும் மருந்து எடுக்கிறான். மருந்தால் கவனம் எவ்வளவு கூடியது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அதைவிட அதிகம் பேசப்பட்டது, அதிகம் சண்டை போடப்பட்டது டிக்ஸ் பற்றித்தான். கண் சிமிட்டல், மூக்கு உறிஞ்சல், கழுத்து வெட்டல், தொண்டைச் செருமல் என்று நிறுத்த முடியாமல் திரும்பத் திரும்ப வரும் அந்த அசைவுகளும் சத்தங்களும்.

முதலில் கொடுத்தது மெத்தில்ஃபெனிடேட் என்ற கவனத்துக்கான மாத்திரை, காலையில் 5 மி.கி., மதியம் 5 மி.கி. ஒரு மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது. ஒரு பக்கக் கணக்கை எழுந்திருக்காமல் போட்டு முடித்தான். நான் சமையலறையில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மூன்றாவது வாரம் கண்ணை அழுத்தி அழுத்திச் சிமிட்ட ஆரம்பித்தான். கண் மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அடுத்து மூக்கு. "எல்லாம் அந்த மாத்திரையாலதான்" என்றார் மாமியார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தால், பக்கவிளைவுப் பட்டியலில் டிக்ஸும் இருந்தது. அதோடு முடிவு செய்துவிட்டோம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை நிறுத்தினோம்.

இரண்டு வாரத்தில் சிமிட்டல் நின்றது. நம் கணிப்பு சரிதான் என்று நிம்மதியாக இருந்தோம். ஐந்தாவது வாரம், மாத்திரை வாயில் படாமல் ஒரு மாதம் கடந்த நிலையில், கழுத்து வெட்டல் ஆரம்பித்தது. முன்பு வந்தவை எல்லாம் இதன் முன் ஒன்றுமே இல்லை. இரவில் கழுத்து வலிக்கிறது என்று அழுவான். அதே சமயம் பள்ளி டைரி முழுக்கப் புகார்கள். கவனமும் போயிற்று, டிக்ஸும் போகவில்லை.

அந்த நாட்களில் பழைய வீடியோ ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டது. அவனுக்கு ஆறு வயது இருக்கும். கதை சொல்லிக்கொண்டே வரியின் நடுவில் தொண்டையைச் செருமுகிறான், பத்து விநாடிக்கு ஒரு தடவை. அப்போது சளி என்று நினைத்து இருமல் மருந்து கொடுத்தது ஞாபகம் வந்தது. மாத்திரை என்ற ஒன்றையே அறியாத காலம் அது. அந்த வீடியோவில் கேமராவைப் பிடித்திருக்கும் என் கணவரின் தோள் ஒரு கண்ணாடியில் தெரிகிறது. அவரும் தோளை ஒரு மாதிரி உருட்டிக்கொண்டே இருக்கிறார்! கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன், "சட்டை இறுக்கம்" என்பார்.

சரி, தலையைக் குனிந்துகொண்டு மருத்துவரிடம் திரும்பிப் போனோம். அவர் திட்டவில்லை. டிக்ஸ் குடும்ப வழியாக வருவது சகஜம், பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தலைகாட்டும், 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்பருவத்தில் பலருக்கும் குறையும் என்றார். டூரெட் நோய்க்குறி (அசைவு டிக்ஸும் சத்த டிக்ஸும் ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கும் நிலை) உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருக்கிறதாம். ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் முதலில் கண்ணில் படும், சிகிச்சை தொடங்கும், டிக்ஸ் தலைகாட்டும் வயதும் அப்போதுதான். அதனால் பழி மாத்திரை மேல் விழுகிறது.

2002இல் வெளியான ஒரு ஆய்வைப் பற்றியும் சொன்னார். ஏ.டி.எச்.டி., டிக்ஸ் இரண்டும் உள்ள 136 பிள்ளைகள், 16 வாரம். டிக்ஸ் கூடியதாகச் சொன்னவர்கள், மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களில் 20 சதவீதம். மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதம். 2015இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். டிக்ஸ் தானாகவே ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது எதை நிறுத்தினாலும், நிறுத்தியதால்தான் இறங்கியது என்று தோன்றும். எங்களுக்கு நடந்தது அதேதான்.

கிளம்பும்போது "ஒரு நோட்டு போடுங்கள்" என்றார். இந்த நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் இதற்கு ஈடான இன்னொன்று இல்லை. தேதி, மாத்திரை கொடுத்த நேரம், எத்தனை மணி நேரம் தூங்கினான், எந்த டிக், 0 முதல் 5 வரை எவ்வளவு, அன்று என்ன நடந்தது. ராத்திரி இரண்டு நிமிட வேலை. முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது மாதம் முடிவில் புரட்டிப் பார்த்தால் 4, 5 என்று எழுதிய நாட்கள் எல்லாம் தேர்வு வாரம், காய்ச்சல் வந்து தேறிய நாட்கள், ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள். சந்தோஷத்துக்கும் டிக்ஸ் ஏறும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்த வாரத்தில் எண் 2தான்.

ஆனால் மாத்திரைக்கும் டிக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எட்டரை வயதில் நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றினார்கள். (அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. முழுசாக விழுங்கப் பழகவே ஒரு வாரம் ஆனது.) 18 மி.கி.யில் தொடங்கி 27, அப்புறம் 36. 36க்குப் போன நான்காம் நாளிலிருந்து தொடர்ந்து 4, 5. தேர்வும் இல்லை, காய்ச்சலும் இல்லை. 27க்கு இறக்கியதும் ஒரு வாரத்தில் 2. ஆறு மாதம் கழித்து மருத்துவரே இன்னொரு முறை 36 முயன்று பார்த்தார், அதே கதை. ஆய்வில் வருவது கூட்டத்தின் சராசரி. என் பிள்ளைக்கு 27தான் எல்லை. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தடவையும் மொத்தமாக நிறுத்தியிருப்போம்.

நடுவில் அட்டோமாக்சிடினும் பார்த்தோம். இது மெத்தில்ஃபெனிடேட் போல மூளையைத் தூண்டும் ஸ்டிமுலன்ட் வகை அல்ல. பலன் தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். காலையில் குமட்டல், பகலில் தூக்கம், கவனம் பாதிதான். பலருக்கு நன்றாக ஒத்துப்போகிறது, எங்களுக்கு இல்லை.

ஒன்பது வயதில் இரவுக்குச் சிறிய அளவில் குளோனிடின் சேர்த்தார்கள். அடிப்படையில் அது ரத்த அழுத்த மருந்து. கவனத்துக்கும் கொஞ்சம் உதவும், டிக்ஸையும் கொஞ்சம் தணிக்கும். முதல் பத்து நாள் பையன் மாலையிலேயே சுருண்டு விழுந்தான், பிறகு பழகிவிட்டது. இந்த மருந்தை மட்டும் திடீரென்று நிறுத்தவே கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். ஒரு பயணத்தில் மருந்துப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், நள்ளிரவில் மருத்துவருக்குப் போன் அடித்த கதை எங்களுக்கு உண்டு. இப்போது இரண்டு பைகளில் இருக்கிறது. உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் ஒவ்வொரு சந்திப்பிலும் பார்க்கிறார்கள். பசி குறைந்தது உண்மைதான். காலையில் மாத்திரைக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வைப்பதும், இரவு இன்னொரு முறை கொடுப்பதுமாக ஓட்டுகிறோம்.

மருந்தைவிடக் கடினமாக இருந்தது எங்கள் வாயைக் கட்டுவது. "அப்படிச் செய்யாதே" என்று அவன் அப்பா சொன்னால் அடுத்த நிமிடம் இரட்டிப்பாகும். நான் வாயால் சொல்லாமல் கண்ணால் சொல்வேன், அதுவும் அவனுக்குத் தெரியும். ஒருநாள் கேட்டுவிட்டான்: "அம்மா, நீ என் முகத்தைப் பாக்கிறியா, என் டிக்கைப் பாக்கிறியா?" அன்றிலிருந்து வீட்டுச் சட்டம் ஒன்று போட்டோம். டிக்ஸைப் பற்றி அவன் பேசினால் மட்டும் பேசுவது. மாமியாரைச் சம்மதிக்க வைக்க மூன்று மாதம் ஆனது.

பள்ளியில் அடக்கி அடக்கி வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்ப்பான். மாலை நான்கு மணி எண்கள் எப்போதும் அதிகம். ஆரம்பத்தில் அந்த நேரத்தில் வீட்டுப்பாடம் எடுக்கச் சொல்வேன். எவ்வளவு பெரிய தப்பு! இப்போது ஒரு மணி நேரம் யாரும் அவனைத் தொடுவதில்லை. செருமும் சத்தம் தொந்தரவு என்று ஒரு ஆசிரியர் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதும் நடந்தது. மருத்துவரிடம் அரைப் பக்கக் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான், வேண்டும்போது அவனே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்வர அனுமதி கிடைத்தது.

பத்து வயதில் சி.பி.ஐ.டி. என்னும் நடத்தைப் பயிற்சிக்குப் போனான், பத்து வாரத்தில் எட்டு அமர்வு. சின்ன வயதில் போயிருந்தால் பயன் குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் டிக் வருவதற்கு முன் உள்ளே எழும் அந்த உந்துதலைப் பிள்ளையே அடையாளம் காண வேண்டும். "தும்மல் வர்றதுக்கு முன்னாடி மூக்குல இருக்குமே, அது கழுத்துல இருக்கு" என்றான். அது எழும்போது தாடையை லேசாக உள்ளிழுத்து, கழுத்துத் தசையை இறுக்கி, நேராகப் பார்த்து, உந்துதல் அடங்கும்வரை அப்படியே இருப்பது. செருமலுக்கு மூக்கு வழியாக மெதுவாக மூச்சு. கழுத்து வெட்டல் பெரிதும் குறைந்தது. கண் சிமிட்டலில் பெரிய மாற்றம் இல்லை, அவனும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இப்போது காலையில் 27 மி.கி., இரவில் குளோனிடின். கவனம் நன்றாக இருக்கிறது. டிக்ஸ் போய்விடவில்லை. உச்ச வயது என்று சொன்னார்களே, அதற்குள்தான் இருக்கிறான். இந்த மாதம் தோள். போன வருடத்திலிருந்து நோட்டை அவனே எழுதுகிறான். அவன் அனுமதித்தால்தான் நான் பார்க்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை திறந்து காட்டினான்:

"தோள் – 2. அப்பா தோள் – 4. அப்பாவுக்கு நோட்டு வாங்கணும்."