தேனீப் பெட்டி ஏற்றும் வண்டி: தக்கலையிலிருந்து கடையாலுக்கு

தை பிறந்தால் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும். மூன்று இலையும் சேருகிற காம்பு முனையில் சுரக்கிற தேனுக்காகத்தான் (பூவிலிருந்து என்று இன்னும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள்) நம்ம குமரி மாவட்டத்தில் பெட்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் விளைகளை, அதாவது ரப்பர் தோட்டங்களை, தேடி ஓடுகிறோம். தக்கலையில் வீட்டோடு இருந்த என்னுடைய 12 பெட்டிகளைக் கடையால் பக்கம் கொண்டுபோக இந்த வருஷம் ஒரு மினி லாரிக்காரரைப் பிடித்தேன்.

போன வருஷம் புத்தி இல்லாமல் பகலில் நானே ஆட்டோவில் ஏற்றினேன். தேன் கனத்த அடைகள் அறுந்து விழுந்து, தேனிலேயே மூழ்கிச் செத்த தேனீக்களைக் கையால் அள்ளிப் போட்டதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

இந்த லாரிக்காரர் அப்படியில்லை. நான்கு நாள் முன்பே போன் போட்டு, "மேலறையில தேன எடுத்துருங்க, பாரத்தோட ஏத்த மாட்டேன்" என்றார். பெட்டி வாசலில் துணி அடைக்கவே கூடாது, மூச்சு முட்டும், கம்பி வலைதான் அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். அடித்தட்டு, புழு அறை (தேனீக் குஞ்சுகள் வளர்கிற கீழ் அறை), மூடி எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் அவரே கட்டினார். அடை கட்டியிருக்கிற மரச்சட்டங்கள் வண்டி போகிற திசைக்கு நேராக இருக்கும்படி ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி வைத்தார், பிரேக் போட்டால் அடைகள் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாதாம். கூடவே இன்னும் 2 பெட்டியை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தம்பி வீட்டில் இறக்கச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். மூன்று கிலோமீட்டராவது தாண்டாவிட்டால் மேயப் போகிற ஈ பழைய இடத்துக்கே திரும்பி வந்து சுற்றிச் சாகுமாம். கூலி போனாலும் பரவாயில்லை என்று சொன்னாரே, அது பிடித்திருந்தது.

இனி குறை. ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர் வந்தது ஒன்பதரைக்கு. நான் பொழுது சாய்ந்ததும் வலையை அடித்துவிட்டேன். எட்டரைக்கெல்லாம் உள்ளே இரைச்சல் கூடி, மூடியில் கை வைத்தால் சூடு தெரிந்தது. வலை மேல் தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் சமாளித்தேன். கேட்டால் குலசேகரத்தில் பஞ்சராம். சரி, ஒரு போன் போட்டிருக்கலாமே?

கடையாலில் இறக்கி, அரை மணி நேரம் அசையாமல் விட்டு, வாசலுக்கு முன்னால் இலைக்கொப்பு ஒன்றைச் சாய்த்து வைத்த பிறகுதான் வலையைப் பிரித்தார். புது இடம் என்று ஈக்களுக்குத் தெரிய வேண்டுமே. ஸ்டாண்டு காலுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நம் பொறுப்பு, அவர் தொட மாட்டார். நான்காம் நாள் ஒரு பெட்டி காலி, கூட்டத்தோடு பறந்துவிட்டது. அதற்கு அவரைச் சொல்ல முடியாது, தேன் எடுத்த பெட்டிக்குத் தீனியாகச் சீனிப்பாகு வைக்க நான்தான் மறந்தேன்.

பெட்டிக்கு 100 ரூபாய் வாங்கினார். சித்திரையில் திரும்பக் கொண்டுவரவும் அவரைத்தான் கூப்பிடுவேன், ஆனால் வண்டி வந்து நின்ற பிறகுதான் வலையை அடிப்பேன்.