கரன்ட் போய் வந்தால் எது தாங்கும்? கடல்நீர்த் தொட்டிக்கு சம்ப் அமைக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

கடல்நீர் மீன்தொட்டிக்குக் கீழே சம்ப் (மேலிருந்து வழியும் தண்ணீரை வாங்கி வடிகட்டி, மோட்டாரால் திரும்ப ஏற்றும் இரண்டாவது தொட்டி) வைக்கலாமா என்று கேட்டால், கடைக்காரர் முதலில் பேசுவது வடிகட்டும் திறனைப் பற்றித்தான். மொத்தத் தண்ணீரின் அளவு கூடும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஹீட்டரும் கண்ணில் படாமல் கீழே போய்விடும், மேலே படியும் எண்ணெய்ப் படலம் தானாக வழிந்துவிடும். எல்லாம் சரிதான். ஆனால் எந்த வகைக் குழாய், எந்த வகை ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்து இறங்கும் அமைப்பு) என்று தேர்ந்தெடுக்கும்போது இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் தெரிவது கரன்ட் போகும்போதும், அதைவிட முக்கியமாக அது திரும்ப வரும்போதும். சென்னை மாதிரி ஊரில் அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம்: 48 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர். இதில் நீர்மட்டம் ஓர் அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் 14 லிட்டர். இந்த 14-ஐ நினைவில் வையுங்கள். இனி வரும் சண்டைகளில் பாதி இதைச் சுற்றித்தான்.

சம்ப்பே வேண்டாம் என்பவர்களுக்கு

நன்னீர்த் தொட்டி வைத்திருந்தவர்களிடம் ஏற்கெனவே ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் இருக்கும். அதையே கடல்நீருக்கும் மாட்டி, பின்பக்கம் தொங்கும் ஸ்கிம்மர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதாதா? மீன் குறைவாக இருந்தால் ஓடும். தரை நனையும் பயமும் அதிகம் இல்லை. ஆனால் கேனிஸ்டர் என்பது மூடிய வடிகட்டி டப்பா. கரன்ட் போய்ச் சில மணி நேரம் ஆனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சாக ஆரம்பிக்கும். கரன்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் நேராக மீன்களிடம் போகும். நீண்ட நேரம் நின்றுபோன கேனிஸ்டரைக் கழற்றிக் கழுவாமல் ஓடவிடவே கூடாது. அப்புறம், உள்ளே தேங்கும் அழுக்கு கண்ணுக்குத் தெரியாததால் கழுவுவதைத் தள்ளிப்போடுவோம்; கழிவிலிருந்து வரும் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும்.

பின்னாலேயே அறைகள் வைத்து வரும் ஆல்-இன்-ஒன் தொட்டி வேறு ரகம். 100 லிட்டருக்குக் கீழே என்றால் தயங்காமல் அதையே வாங்கச் சொல்வேன். எல்லாத் தண்ணீரும் ஒரே கண்ணாடிக்குள் இருப்பதால் கரன்ட் போனால் ஒரு சொட்டும் வெளியே வராது. அறைகள் குறுகல் என்பதால் நல்ல ஸ்கிம்மர் உள்ளே நுழையாது, மோட்டார் சூடு முழுவதும் அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே இறங்கும். சின்னத் தொட்டிக்கு இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். நாம் எடுத்துக்கொண்ட நான்கு அடித் தொட்டிக்குப் பொறுக்க முடியாது.

ஓட்டை போடுவதா, தொங்கவிடுவதா

தொட்டியிலிருந்து தண்ணீரைக் கீழே இறக்க இரண்டு வழி. கண்ணாடியில் ஓட்டை போட்டு டேங்க் நிப்பிள் (ஓட்டையில் குழாயைக் கசியாமல் இணைக்கும் பொருத்தி) மாட்டுவது ஒன்று. ஓட்டை போடாமல், விளிம்பில் பெட்டியைத் தொங்கவிட்டு, யு வடிவக் குழாய் வழியே சைஃபன் (விளிம்பைத் தாண்டித் தண்ணீர் தானே கீழே இழுபடுவது) எடுப்பது இன்னொன்று.

தொங்கும் பெட்டியின் கவர்ச்சி புரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம், கண்ணாடி உடையுமோ என்ற பயம் இல்லை. ஆனால் அதன் உயிர் அந்த யு குழாயில் இடைவெளியில்லாமல் நிற்கும் தண்ணீரில்தான் இருக்கிறது. நீரோட்டம் மெதுவாக இருந்தால் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள் குழாயின் மேல்வளைவில் சேர்ந்துகொண்டே வரும். ஒரு நாள் சைஃபன் அறுந்துவிடும். கரன்ட் போய் வரும் நேரத்தில் அறுந்தால் நிலைமை இன்னும் மோசம்: கீழே இறங்கும் வழி அடைத்துவிட்டது, மோட்டாரோ ஒன்றும் தெரியாமல் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு ஏற்றும்? சம்ப்பில் மோட்டார் இருக்கும் கடைசி அறை 8 அங்குல நீளம், 14 அகலம், 8 அங்குலம் தண்ணீர் என்று வையுங்கள். மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்குவதற்குள் சுமார் 6 அங்குலத் தண்ணீர் போய்விடும். அது 11 லிட்டர். மேலே விளிம்புக்கு ஓர் அங்குலம் இடம் விட்டிருந்தால் தொட்டி தாங்கிக்கொள்ளும். அதே அறையை 14 அங்குல நீளத்துக்குத் தாராளமாகக் கட்டியிருந்தால் 19 லிட்டர் ஏறும். 5 லிட்டர் உப்புத்தண்ணீர் தரையில். அது நேராகப் போகும் இடம் பெரும்பாலும் ப்ளக் போர்டு. ஆவியான தண்ணீரை ஈடுகட்டும் ஆட்டோ டாப்-அப் கருவியும் வைத்திருந்தால், மட்டம் இறங்கிவிட்டது என்று அது நல்ல தண்ணீரை ஊற்ற ஆரம்பிக்கும். வெள்ளமும் ஆச்சு, உப்பும் நீர்த்துப் போச்சு.

இவ்வளவுக்குப் பிறகும் தொங்கும் பெட்டிக்கு ஓர் இடம் உண்டு: தொட்டியின் கண்ணாடி டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கியது) ஆக இருந்தால். டஃபன்டு கண்ணாடியில் டைமண்ட் பிட் பட்ட மறுகணம் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகிவிடும். சாதாரண ஃப்ளோட் கண்ணாடி என்றால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிதானமாக ஓட்டை போடலாம். ஓட்டையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவாவது விளிம்பிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். புதிதாகத் தொட்டி செய்பவர்கள் ஒட்டுவதற்கு முன்பே ஓட்டை போட்டுவிடச் சொல்லலாம். சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் தொட்டி செய்து தரும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் தனியாக ஆள் தேட வேண்டாம். புதுத் தொட்டிக்கு ஓட்டைதான், வேறு பேச்சே இல்லை.

குழாய் எத்தனை: ஒன்றா, இரண்டா, மூன்றா

ஒற்றைக் குழாய் முறைக்கு டர்சோ என்று பெயர். செங்குத்துக் குழாயின் தலையில் ஒரு டீ (T வடிவ இணைப்பு), கீழ்நோக்கிய முழங்கை வளைவு, மேலே காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை. காற்றும் தண்ணீரும் கலந்து இறங்கும். ஓர் அங்குலக் குழாயில் மணிக்குச் சுமார் 2000 லிட்டர் வரை போகும். கரன்ட் எத்தனை முறை போய் வந்தாலும் தானாக ஓடத் தொடங்கும். குறை இரண்டு. களக் களக் என்ற சத்தம், அதுவும் ராத்திரி ஹாலில் நன்றாகவே கேட்கும். இன்னொன்று, ஒரு நத்தை குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் இறங்க மாற்று வழி கிடையாது.

இரண்டு குழாய் முறை ஹெர்பி. ஒன்று முழுக்கத் தண்ணீர் நிரம்பி, காற்றே இல்லாமல் சைஃபனாக இறங்கும். கீழே ஒரு வால்வை மெல்லத் திருகி, வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும் சமமாகும்படி வைப்போம். இரண்டாவது குழாய் கொஞ்சம் உயரமாகச் சும்மா நிற்கும், ஆபத்துக்கு மட்டும். சரியாக வைத்துவிட்டால் சத்தமே இருக்காது. ஆனால் கரன்ட் வந்ததும் முதல் குழாயில் இருக்கும் காற்று வெளியேறிய பிறகுதான் சைஃபன் பிடிக்கும். அதுவரை இரண்டாவது குழாய் இரைச்சலோடு வேலை செய்யும். குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீரில் ஓர் அங்குலத்துக்கு மேல் முங்கியிருந்தால் காற்று வெளியேறத் திணறும்.

மூன்று குழாய் முறையான பீன் அனிமல் இதற்கும் ஒரு படி மேலே. சைஃபன் ஒன்று, அரைகுறையாகத் தண்ணீர் வழியும் திறந்த குழாய் ஒன்று, ஆபத்துக்கு ஒன்று. அன்றாட ஏற்ற இறக்கத்தை நடுக்குழாய் வாங்கிக்கொள்வதால் வால்வை அடிக்கடி தொட வேண்டாம். சைஃபன் அடைத்து மட்டம் ஏறினால், நடுக்குழாயின் காற்றுக்குழல் தண்ணீரில் முங்கி, அதுவே சைஃபனாக மாறிவிடும். அதுவும் அடைத்தால் மூன்றாவது இருக்கிறது. விலை என்று பார்த்தால் கூடுதலாக ஓர் ஓட்டை, கொஞ்சம் யுபிவிசி குழாய், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய விஷயமாகிவிடுகிறது: வால்வு. ஹெர்பிக்கும் பீன் அனிமலுக்கும் நுணுக்கமாகத் திருக கேட் வால்வு வேண்டும். ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு கேட்டால் அநேகமாகப் பித்தளையோ கன்மெட்டலோ எடுத்து நீட்டுவார்கள். இரண்டிலும் செம்பு உண்டு. உப்புத்தண்ணீர் அதைக் கரைக்கும். செம்பு சிறிதளவு கலந்தாலே இறால், நத்தை, நண்டு எல்லாம் போய்ச் சேரும். உள்ளே உருண்டை திரும்பித் திறக்கும் பிளாஸ்டிக் பால் வால்வு எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் மயிரிழை திருகினால் ஓட்டம் ஒரேயடியாக மாறும். பிளாஸ்டிக் கேட் வால்வுக்கு அலையத் தயார் என்றால் பீன் அனிமல். இல்லையென்றால் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் டர்சோவும் இன்னொன்றில் வெறும் ஆபத்துக் குழாயும் வைத்துச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துங்கள். பால் வால்வு போட்ட ஹெர்பியோடு தினமும் மல்லுக்கட்டுவதைவிட அது மேல்.

சம்ப் கண்ணாடியா, அக்ரிலிக்கா

கண்ணாடி. மலிவு, கீறல் விழாது, அளவுக்குச் செய்துகொள்ளலாம். அக்ரிலிக் எடை குறைவு, பார்க்க அழகு; கேபினெட் கதவைச் சாத்திய பிறகு அழகை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரே எச்சரிக்கை: கண்ணாடிச் சம்ப்புக்குள் தடுப்புகளையும் கண்ணாடியிலேயே போடச் சொல்லுங்கள். அக்ரிலிக்கில் சிலிக்கான் உறுதியாகப் பிடிக்காது, நாளடைவில் தடுப்பு பெயர்ந்துவிடும். பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த பாத்ரூம் சிலிக்கானும் ஆகாது.

அளவைப் பொறுத்தவரை 30×14×16 அங்குலம் நம் தொட்டிக்குப் போதும். ஓடும்போது 9 அங்குலம் தண்ணீர் என்றால், கரன்ட் போய் மேலே 2 அங்குலம் இறங்கும்போது 28 லிட்டர் வந்து சேரும். சம்ப்பில் 4 அங்குலம் ஏறும். குழாய்களில் நிற்பதும் சேர்ந்தால் 14 அங்குலத்தை எட்டலாம். மீதி 2 அங்குலம் நிம்மதிக்கு. பெரிய சம்ப் நல்லதுதான், ஆனால் கேபினெட்டின் உள்ளளவை மட்டும் பார்த்து ஆர்டர் செய்துவிடாதீர்கள். கதவுத் திறப்பையும் அளந்துகொள்ளுங்கள். நடுக்கால் வைத்த ஸ்டாண்டில், தொட்டியைத் தூக்கினால்தான் சம்ப் உள்ளே போகும் என்ற நிலை வந்துவிடும்.

உள்ளே என்ன வைப்பது

முதல் அறைக்கு ஃபில்டர் சாக்ஸா, பஞ்சா? சாக்ஸ் நன்றாகப் பிடிக்கும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். கழுவச் சோம்பல் என்றால் பஞ்சு வைத்துத் தூக்கிப் போடுங்கள். தானாகச் சுற்றும் ரோலரும் வருகிறது, வசதி இருப்பவர்களுக்கு.

நடு அறையில் ஸ்கிம்மருக்கு மட்டம் மாறாத தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதற்குப் பக்கத்தில் கீட்டோமார்ஃபா பாசி வளர்த்து நைட்ரேட்டை உறிஞ்சவைக்கும் ரெஃப்யூஜியமா, துளைகள் நிறைந்த செராமிக் கல்லா என்றால், நம் ஊருக்குக் கல்லைத்தான் முதலில் சொல்வேன். வெளிநாட்டுக்காரர்கள் தொட்டிக்குள் அடுக்கும் பவளப்பாறையை இங்கே அள்ளிவர முடியாது. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது ரகசியமாக விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். அந்தப் பாறையின் துளைகளில்தான் நல்ல பாக்டீரியா குடியிருக்கும். அது இல்லாததால் பாக்டீரியாவுக்கு வீடு கட்டித் தரும் பொறுப்பில் பெரும்பங்கு சம்ப்புக்கு வந்துவிடுகிறது. பாசி பிறகு வரட்டும். அதன் விளக்கை இரவில் எரியவிட்டால் பிஹெச் இறங்குவதும் குறையும்.

மோட்டார்: ஏசியா, டிசியா

ஏசி மோட்டார் மலிவு, பிடிவாதமாக ஓடும். டிசியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சத்தம் குறைவு, ஆனால் கன்ட்ரோலரும் அடாப்டரும் என்று பழுதாக இரண்டு பொருள் கூடுதல். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது. நான்கடி உயரம் ஏறும்போது கணிசமாகக் குறையும். சம்ப் வழியே மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு போனால் போதும், அதாவது 1000 லிட்டர் வாக்கில். தொட்டிக்குள் அலை கிளப்ப வேவ்மேக்கர் இருக்கிறதே.

டிசி வாங்கினால் கடையிலேயே ஓடவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பாருங்கள். தானாக ஓடாமல் பட்டனுக்காகக் காத்திருந்தால் வேண்டாம்; நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது கரன்ட் போய் வந்தால் யார் அமுக்குவது? ஏசி என்றால் வீட்டு இன்வெர்ட்டர் தரும் மின்சார அலை சைன் வேவா, ஸ்கொயர் வேவா என்று பார்க்க வேண்டும். ஸ்கொயர் வேவில் மோட்டார் உறுமும், சூடேறும். எதுவானாலும் 40 வாட் மோட்டார் ஒரு பழைய ஃபேனைவிடக் குறைவாகத்தான் இழுக்கும், இன்வெர்ட்டரில் சேர்த்துவிடலாம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை மட்டும் சேர்க்காதீர்கள்.

மேலே தண்ணீர் விழும் முனை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அது 3 அங்குலம் ஆழத்தில் இருந்தால் கரன்ட் போனதும் அதன் வழியாகவே 42 லிட்டர் பின்னால் வழிந்துவரும். தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வு தடுக்கும் என்பார்கள். ஒரு மண் துகளோ சுண்ணாம்புப் படிவமோ போதும், அது மூடாது.

உப்பு போடுவதற்கு முன் வெறும் தண்ணீரை நிரப்பி ஓடவிடுங்கள். மெயினை அணைத்து, சம்ப்பில் தண்ணீர் ஏறி நின்றதும் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு. திரும்பப் போட்டு, குழாய்கள் எவ்வளவு நேரத்தில் சத்தம் அடங்குகின்றன என்று பாருங்கள். பிறகு பிரதானக் குழாயைத் துணியால் அடைத்து, ஆபத்துக் குழாய் மட்டும் மோட்டாரைத் தாங்குகிறதா என்று பாருங்கள். ப்ளக் வயர்கள் போர்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், சொட்டுகிற தண்ணீர் வளைவிலேயே விழுந்துவிடும். இதெல்லாம் தேறிய பிறகு உப்பு மூட்டையைப் பிரிக்கலாம்.